லவாய்சியருக்கு அடியில் ஒரு பிரபு

பள்ளியில் வேதியியல் படித்த எல்லாருக்கும் லவாய்சியர் பெயர் தெரியும். நிறை மாறா விதி என்று இரண்டு வரி, ஆக்சிஜனுக்குப் பெயர் வைத்தவர் என்று ஒரு வரி, கடைசியில் பிரெஞ்சுப் புரட்சியில் தலையை வெட்டிவிட்டார்கள் என்று ஆசிரியர் போகிற போக்கில் சொல்லுவார், அதோடு மணி அடித்துவிடும். அந்த ஆள் ஒரு பிரபு, அதுவும் வரி வசூலில் பங்குதாரராக இருந்து சம்பாதித்த பெரும் பணக்காரர், தலை போனதே அந்த வரி விவகாரத்தில்தான் என்பது பாடத்தில் வராது. இத்தனையும் ஒரே கித்தானில் இருக்கிற ஓர் எண்ணெய் வண்ண ஓவியம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. வரைந்தவர் ழாக் லூயி தாவீத், வருடம் 1788, அதாவது பாஸ்டில் சிறை விழுந்து புரட்சி வெடிப்பதற்கு முந்தைய வருடம். 2019-ல் இதைச் சுத்தம் செய்ய எடுத்தவர்கள், மேலே தெரிகிற படத்துக்கு அடியில் வேறு மாதிரியான ஒரு படம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். 2021-ல் ஆய்வு முடிவு வெளியானது. அதைப் படித்ததிலிருந்து இந்த ஓவியத்தைப் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை.

முதலில் மேலே தெரிவதைச் சொல்லிவிடுகிறேன். ஓவியம் பெரியது, உயரம் கிட்டத்தட்ட 260 சென்டிமீட்டர், அகலம் 195. நம் வீட்டு அறைகளில் நிமிர்த்தி வைத்தால் கூரையில் இடிக்காமல் இருந்தால் அதிர்ஷ்டம். ஆளை முழு உருவமாக, ஏறக்குறைய நிஜ அளவில் வரைவது என்பது அந்தக் காலத்தில் ராஜ குடும்பத்துக்கும் பெரிய பிரபுக்களுக்கும் நடந்த காரியம். சிவப்பு வெல்வெட் விரித்த மேசை, அதன் முன்னால் கறுப்பு உடையில் லவாய்சியர் உட்கார்ந்திருக்கிறார். கையில் இறகுப் பேனா, எழுதிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டுத் தலையைத் திருப்பி மனைவியை அண்ணாந்து பார்க்கிறார். மனைவி மரி ஆன் வெள்ளை மஸ்லின் கவுனும் நீல இடைக்கச்சையுமாக, அவர் தோளில் கையை ஊன்றியபடி நிற்கிறார். அந்த அம்மாள் கணவரைப் பார்க்கவில்லை, நேராக நம்மைப் பார்க்கிறார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் இது யாருடைய படம் என்ற சந்தேகமே வந்துவிடும்.

மேசைமேல் கண்ணாடிக் கருவிகள் இருக்கின்றன. தரையில், வலது ஓரத்தில், பித்தளைக் குழாய் பொருத்திய ஒரு பெரிய உருண்டைக் குடுவை சாய்ந்து கிடக்கிறது. அருங்காட்சியகத்தின் தளத்தில் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் வசதி இருக்கிறது, அந்தக் குடுவையை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். கண்ணாடி என்று தனியாக எதையும் தாவீத் வரையவில்லை. பின்னால் உள்ள தரையின் நிறம், வளைவில் விழும் சன்னல் வெளிச்சம், விளிம்பில் ஒரு வெள்ளைக் கீற்று, அவ்வளவுதான். ஆனால் கை பட்டால் உருண்டுவிடும் போல இருக்கிறது. அதன் பக்கத்தில் லவாய்சியரின் கால், கறுப்புக் காலுறையும் கொக்கி வைத்த செருப்புமாக, மேசைத் துணிக்கு அடியிலிருந்து நீளமாக வெளியே வந்து கிடக்கிறது. ஆராய்ச்சியாளர் யாரும் இப்படிக் காலை நீட்டிக்கொண்டு எழுத மாட்டார். நல்ல கால் இருக்கிறது என்று காட்ட ஆசைப்படுகிற சீமான் உட்காரும் விதம் அது.

அந்தச் சீமான்தனமும் பரம்பரையாக வந்ததல்ல. அப்பா வக்கீல், நல்ல வசதி. 1772-ல் அவர் ராஜாவின் செயலர் என்ற ஒரு கௌரவப் பதவியை விலைக்கு வாங்கினார். வேலை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, ஆனால் வாங்கியவருக்குப் பிரபு அந்தஸ்து உண்டு, அது பிள்ளைக்கும் இறங்கும். அன்றைய பிரான்ஸில் காசு சேர்த்த குடும்பங்கள் மேலே ஏறுவதற்கு வைத்திருந்த வழி இது, யாரும் ஒளித்துச் செய்யவில்லை. பழைய பிரபுக்கள் இவர்களைப் பார்த்து முகம் சுளித்தார்கள், இவர்களுடைய பணத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

பணம் வந்த இடம்தான் சிக்கல். ராஜாங்கம் உப்பு, புகையிலை, பாரிஸுக்குள் வரும் சரக்கு எனப் பல வரிகளைத் தானே வசூலிக்காமல் ஒரு தனியார் கூட்டத்துக்குக் குத்தகைக்கு விட்டிருந்தது. அவர்கள் ஒப்புக்கொண்ட தொகையை அரசுக்குக் கட்டிவிட வேண்டும், அதற்கு மேல் வசூலாவது அவர்களுடையது. குத்தகை என்றால் நமக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை. 1768-ல், இருபத்தைந்து வயதைத் தொடுவதற்குள், லவாய்சியர் அதில் பங்கு வாங்கினார். அதே வருடம்தான் அறிவியல் அகாடமியிலும் இடம் கிடைத்தது. ஒரு கையில் தராசு, இன்னொரு கையில் வசூல் கணக்கு. 1771-ல் சக குத்தகைதாரர் ழாக் போல்ஸ் என்பவரின் மகளைக் கல்யாணம் செய்துகொண்டார். பெண்ணுக்கு வயது 13, இவருக்கு 28.

பதின்மூன்று வயதில் கட்டிக்கொடுக்கப்பட்ட அந்தப் பெண், பிற்பாடு கணவருக்காக ஆங்கிலம் படித்தார். கிர்வன் என்ற அயர்லாந்து வேதியியலாளர் லவாய்சியரின் கருத்துகளை எதிர்த்து எழுதிய புத்தகத்தை 1788-ல் பிரெஞ்சில் மொழிபெயர்த்தார், அதைப் பக்கத்துக்குப் பக்கம் மறுத்து எழுதிய குறிப்புகளோடு அது வெளியானது. ஓவியமும் கற்றுக்கொண்டார், அதுவும் இந்தத் தாவீதிடமே. 1789-ல் லவாய்சியரின் வேதியியல் பாடநூல் வந்தபோது அதிலிருந்த 13 கருவிப் படத் தகடுகளையும் செதுக்கியவர் இவர்தான். தகட்டின் மூலையில் போல்ஸ் லவாய்சியர் என்று பிறந்த வீட்டுப் பெயரையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டிருப்பார். ஓவியத்தில் அவருக்குப் பின்னால், இடது பக்கம் நாற்காலியில் ஓர் ஓவியத் தாள் உறை சாத்தி வைத்திருக்கிறது, கவனிக்காமல் போனால் தெரியாது. அது இவருடையது.

சரி, அடியில் இருந்த படத்துக்கு வருவோம்.

சுத்தம் செய்தவர் டோரத்தி மேகன், அந்த அருங்காட்சியகத்தின் ஓவியப் பாதுகாப்பாளர். பழுப்பேறிப்போன பழைய வார்னிஷை எடுத்துக்கொண்டே வரும்போது, மரி ஆனின் தலைக்கு மேலே, வெறும் சாம்பல் சுவராக இருக்க வேண்டிய இடத்தில், மேல் பூச்சின் ஊடாகச் சிவப்புப் பொட்டுகள் தெரிந்திருக்கின்றன. கவுனின் ரிப்பன் பக்கமும் அப்படியே. எண்ணெய் வண்ணம் வருடம் ஆக ஆகக் கொஞ்சம் ஊடுருவிப் பார்க்கும்படி ஆகிவிடும், ஓவியர் மூடி மறைத்தது மெல்ல மேலே எட்டிப் பார்க்கும். இது பழைய ஓவியங்களில் சகஜம், ஒரு விரல், ஒரு மடிப்பு இடம் மாறியிருக்கும். ஆனால் தாவீத் முன்கூட்டியே எல்லாவற்றையும் திட்டம் போட்டு வரைகிறவர் என்று பெயர் வாங்கியவர். அவர் படத்தில் இவ்வளவு பெரிய மாற்றத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை.

அகச்சிவப்புக் கதிரில் பார்த்தார்கள். பிறகு எக்ஸ்ரே ஒளிர்வு முறையில் கித்தான் முழுவதையும் புள்ளி புள்ளியாக வருடினார்கள். இந்த இரண்டாவது முறைதான் சுவாரசியம். ஒவ்வொரு புள்ளியிலும் எந்தத் தனிமம் இருக்கிறது என்று கருவி சொல்லும். சாதிலிங்கச் சிவப்பு என்றால் பாதரசம், வெள்ளை என்றால் ஈயம், சில நீலம் பச்சைகளில் செம்பு. பாதரசம் எங்கெங்கே இருக்கிறது என்று தனியாக ஒரு வரைபடம், ஈயத்துக்குத் தனியாக ஒன்று என்று எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், மேலே என்ன பூசியிருந்தாலும் அடியில் உள்ள உருவம் எழுந்து வந்துவிடும். பாதரசத்தை நாள்கணக்கில் சூடாக்கித்தான் லவாய்சியர் காற்றில் என்ன இருக்கிறது என்று பிரித்துக் காட்டினார். அவர் படத்தைப் பிரித்துப் பார்க்கவும் தனிமங்களையே துணைக்குக் கூப்பிட வேண்டியிருந்தது, மனுஷன் இருந்திருந்தால் ரசித்திருப்பார்.

கிடைத்தது இதுதான். மரி ஆனின் தலையில் முதலில் ஒரு மாபெரும் தொப்பி இருந்திருக்கிறது, ரிப்பனும் செயற்கைப் பூக்களுமாக. 1787-ல் பாரிஸில் ஓடிய ஓர் இசைநாடகத்தின் பெயரால் அழைக்கப்பட்ட தொப்பி வகை அது, அந்த சீசனின் கடைசி மோஸ்தர். லவாய்சியரின் கறுப்பு உடை முதலில் உலோகப் பொத்தான் வைத்த நீளமான பழுப்புக் கோட்டு. அந்தச் சிவப்பு வெல்வெட் விரிப்புக்கு அடியில் பொன்முலாம் பூசிய வெண்கல அலங்காரங்களோடு ஒரு ஆடம்பர மேசை. கருவிகள்? ஒன்றுகூட இல்லை. குடுவை, குழாய், நான் மேலே வாயைப் பிளந்து வர்ணித்த கண்ணாடி உருண்டை, எல்லாமே பின்னால் சேர்த்தவை.

அதாவது முதலில் வரைந்தது ஒரு வரிக்குத்தகைப் பிரபுவும் அவருடைய நாகரிக மனைவியும். இதே பாணியில் அந்தக் காலத்தில் நூற்றுக்கணக்கான படங்கள் உண்டு, மேசை, பட்டு, தொப்பி, பார் என் வீட்டை என்கிற பார்வை. அப்படியே விட்டிருந்தால் இதையும் அந்த வரிசையில் ஒன்றாகக் கடந்து போயிருப்போம். நவீன அறிவியல் தம்பதி என்று எல்லாப் புத்தகத்திலும் அச்சாகிற படம், ஒரு திருத்தத்தில் பிறந்திருக்கிறது.

ஏன் மாற்றினார்கள்? எழுத்தில் எந்தக் காரணமும் கிடைக்கவில்லை, ஆகவே ஆளாளுக்கு ஒரு ஊகம். நாட்டில் காற்று மாறுவதை உணர்ந்து செல்வத்தை மறைத்தார்கள் என்று சொல்வது சுலபம், கேட்கவும் நன்றாக இருக்கிறது. எனக்கு அது முழுசாக ஒட்டவில்லை. 1788 டிசம்பரில் தாவீதுக்கு 7,000 லிவ்ர் கொடுத்துக் கணக்கை முடிக்கிறார்கள். பாரிஸில் ஒரு கூலித் தொழிலாளிக்கு நாள் முழுக்க உழைத்தால் ஒன்று, ஒன்றரை லிவ்ர் கிடைத்த காலம் அது. செல்வத்தை மறைக்க நினைக்கிறவர் எட்டரை அடி உயரத்துக்கு மறைக்க மாட்டார். தவிர, அந்த வெள்ளை மஸ்லின் கவுனை எளிமை என்று நினைத்துவிட வேண்டாம். ராணி மரி அந்துவானெத்தை அப்படியொரு மஸ்லின் உடையில் வரைந்த படம் 1783 கண்காட்சியில் அமளி கிளப்பி, எடுக்கப்பட்டு, அதற்குப் பிறகு சீமாட்டிகள் எல்லாரும் அதையே உடுத்த ஆரம்பித்திருந்தார்கள். தொப்பி போனது, ஆனால் மோஸ்தர் போகவில்லை.

என் கட்சி வேறு. 1787, 88 இரண்டு வருடமும் லவாய்சியருக்கு வேதியியலில் உச்சம். தனிமங்களுக்கும் சேர்மங்களுக்கும் புதுப் பெயரிடும் முறை 1787-ல் வெளியாகிறது, பாடநூல் எழுதிக்கொண்டிருக்கிறார், கிர்வனோடு சண்டை நடக்கிறது, அதில் மனைவிதான் முன்வரிசை. அந்த நேரத்தில் ஓவியரின் கூடத்தில் போய்த் தங்கள் படத்தைப் பார்த்தால், அதில் தாங்கள் எந்த வேலையில் மூழ்கிக் கிடக்கிறார்களோ அதன் அடையாளமே இல்லை, தொப்பி மட்டும் இருக்கிறது. சொல்லியிருப்பார்கள். அதிலும் தாவீதிடம் பாடம் படித்தவர், கருவிகளை ஒவ்வொன்றாக அளந்து வரைந்து பழகியவர் மரி ஆன், அவர்தான் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை, அந்த அம்மாள் பார்க்கிற பார்வையைத் தவிர.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அந்தக் கருவிகளெல்லாம் சும்மா வந்தவை அல்ல. காற்றை எடை போட வேண்டுமென்றால், குடுவையிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்து எடை பார்த்து, வாயுவை நிரப்பி மறுபடி எடை பார்த்து, வித்தியாசத்தைக் கணக்கிட வேண்டும், அதற்கு அன்றைய ஐரோப்பாவிலேயே மிகத் துல்லியமான தராசு வேண்டும், அதைச் செய்யத் தெரிந்த கைவினைஞருக்குக் கேட்ட காசு கொடுக்க வேண்டும். கொடுத்தது குத்தகைப் பணம். பொன்முலாம் மேசையை மூடிவிட்டு அதன்மேல் குடுவையை வைத்ததில் தாவீத் அறியாமலே ஒரு உண்மையைச் சொல்லிவிட்டார், குடுவை நிற்பது அந்த மேசையின் மேல்தான்.

1789 பிறந்தது. பாரிஸைச் சுற்றி ஒரு மதில் எழுந்துகொண்டிருந்தது, கிட்டத்தட்ட 24 கிலோமீட்டர். நகரத்துக்குள் வரும் சரக்கு வரி கட்டாமல் நுழையக் கூடாது என்பதற்காகக் குத்தகைக்காரர்கள் கட்டியது, அந்த யோசனையின் பின்னால் லவாய்சியர் இருந்தார் என்பது ஊருக்கே தெரியும். ஜூலையில் பாஸ்டிலுக்கு இரண்டு நாள் முன்னால் ஜனங்கள் கொளுத்த ஆரம்பித்தது அந்த மதிலின் சுங்க வாசல்களைத்தான். அப்புறம் வெடிமருந்து. அரசின் வெடிமருந்துத் துறையையும் இவர்தான் 1775-லிருந்து நிர்வகித்தார், ஆர்சனல் என்ற ஆயுதக் கிடங்கு வளாகத்திலேயே வீடும் சோதனைச்சாலையும். ஏழாண்டுப் போரில் இந்தியா கைநழுவி, வங்காளத்து வெடியுப்பு முழுக்க ஆங்கிலேயர் பிடிக்குள் போய்விட்டதால் திண்டாடிய பிரான்ஸுக்கு, நல்ல தரத்தில் வெடிமருந்து செய்து கொடுத்தவர். 1789 ஆகஸ்ட் 6-ம் தேதி கிடங்கிலிருந்து வெடிமருந்தைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, எதிரிகளுக்குக் கடத்துகிறார்கள் என்று வதந்தி கிளம்பி, கூட்டம் அவரை நகர மண்டபத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. விளக்கம் சொல்லி மயிரிழையில் தப்பினார்.

அதே மாதக் கடைசியில் சலோன் என்ற அரசு ஓவியக் கண்காட்சி. இந்த ஓவியமும் அதில் வைக்கப்பட வேண்டியது. இந்த முகத்தைச் சுவரில் மாட்டினால் வம்பு வரும் என்று அதிகாரிகள் பயந்தார்கள், படம் வைக்கப்படவில்லை. ஆக, தொப்பியை அழித்து, மேசையை மூடி, கறுப்பு உடை போட்டு, கருவிகளை அடுக்கியும் பாரிஸ் மக்கள் பார்த்தால் வரிக்காரனைத்தான் பார்ப்பார்கள் என்று அரண்மனை அதிகாரிகளே நினைத்திருக்கிறார்கள்.

அப்புறம் நடந்ததில் ஓவியரும் வருகிறார். தாவீத் புரட்சியின் தீவிரப் பக்கம் போனார், தேசிய மன்றத்தில் உறுப்பினரானார், 1793 ஜனவரியில் ராஜாவைக் கொல்ல வேண்டும் என்று வாக்களித்தார். அவருடைய நண்பர் புரட்சிப் பத்திரிகையாளர் மரா. இந்த மரா ஒரு காலத்தில் தீயைப் பற்றித் தான் எழுதிய ஆய்வை அகாடமி மதிக்கவில்லை என்ற கோபத்தில் இருந்தவர், தன் பத்திரிகையில் லவாய்சியரை மதிலையும் சேர்த்து வறுத்தெடுத்தவர். 1793 ஜூலையில் மரா குளியல் தொட்டியில் குத்திக் கொல்லப்பட, அவரைத் தாவீத் வரைந்த படம் உலகப் புகழ் பெற்றது. அதிலும் ஒரு பேனா, ஒரு மேசை, எழுதிக்கொண்டிருக்கையில் தடைபட்ட ஒரு மனிதர். லவாய்சியரை வரைந்து ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது.

நவம்பரில் குத்தகைக்காரர்களைப் பிடிக்க உத்தரவு வந்தது. புகையிலையில் தண்ணீர் தெளித்து எடையைக் கூட்டி ஜனங்களை ஏமாற்றினார்கள் என்பதும் குற்றச்சாட்டில் ஒன்று. எடையில் அணுப் பிசகாமல் பார்த்தவர்மேல் எடைக் கள்ளம் என்று பழி. 1794 மே 8-ம் தேதி விசாரணை, தீர்ப்பு, கில்லட்டின், மூன்றும் ஒரே நாளில். 28 பேர். மாமனார் போல்ஸ் மூன்றாவது, லவாய்சியர் நான்காவது. குடியரசுக்கு விஞ்ஞானிகள் தேவையில்லை என்று நீதிபதி சொன்னதாக ஒரு கதை உலவுகிறது, அது பின்னால் யாரோ கட்டிவிட்டது. அங்கே விஞ்ஞானியை யாரும் விசாரிக்கவே இல்லை. தாவீத் இந்த வழக்கில் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். அப்போது அவர், ஆட்களைக் கைது செய்யும் அதிகாரமிருந்த பொதுப் பாதுகாப்புக் குழுவில் உட்கார்ந்திருந்தவர், 7,000 லிவ்ர் வாங்கிக்கொண்டு இந்த இருவரின் முகத்தையும் மணிக்கணக்காகப் பார்த்து வரைந்தவர். சில மாதம் கழித்து அந்தத் தீவிரப் பக்கத்தின் தலைவர் ரோபஸ்பியேர் விழுந்ததும் அவரே சிறைக்குப் போனார், அவருக்குத் தலை தப்பியது.

ஒரே நாளில் அப்பாவையும் கணவரையும் இழந்த மரி ஆன் கொஞ்ச காலம் சிறையிலும் இருந்தார். சொத்து, புத்தகம், கருவி எல்லாம் பறிமுதல். வெளியே வந்ததும் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினார். கணவரின் கட்டுரைகளைத் தொகுத்து 1805-ல் வெளியே கொண்டுவந்தார். அதே வருடம் வெப்பத்தைப் பற்றி ஆராய்ந்த ரம்ஃபோர்டு பிரபுவைக் கல்யாணம் செய்துகொண்டார், லவாய்சியர் என்ற பெயரை விட மாட்டேன் என்ற நிபந்தனையோடு. அது உருப்படவில்லை. ஒரு நாள் அந்த மனுஷன் வீட்டுக்கு வந்த விருந்தாளிகளை வாசலிலேயே தடுத்துவிட, இந்த அம்மாள் போய் அவர் வளர்த்த பூச்செடிகளில் கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊற்றிவிட்டார். 1809-ல் பிரிந்தார்கள். 1836-ல் சாகும்வரை ஓவியம் அவரிடமே இருந்தது.

பிறகு உறவினர் வழியாக இறங்கி, 1920-களில் விலைக்கு வந்து, அமெரிக்கப் பெட்ரோலியக் கோடீஸ்வரர் ஜான் டி. ராக்ஃபெல்லரின் மகன் கைக்குப் போனது. அவர் அதைக் குடும்பத்தின் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் கொடுத்தார், அங்கே ஐம்பது வருடம் இருந்தது. 1977-ல் மெட்ரோபாலிட்டன் வாங்கியபோது பணம் கொடுத்தவர்கள் ரைட்ஸ்மன் தம்பதி. அவர்களுடையதும் பெட்ரோலியத்தில் வந்த பணம்தான்.